கவுண்டரில் தெரிந்துகொள்ள வேண்டியவை

எனக்கு இடது காது மந்தம். இதை இப்படிப் பட்டென்று எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. வீட்டில் கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. புத்தகம் கொடுத்து வாங்கும் முன் கவுண்டர் என்னுடையது. பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை! ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, வருகிறவர்கள் எல்லோரும் கிசுகிசுக்கிற ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை மாட்டியதும் நானே. கேட்காதபோதெல்லாம் சிடுசிடுப்பேன். “வாய்க்குள்ளயே பேசினா எப்படி? புக் பேரை எழுதிக் குடுங்க!” கோபக்காரி என்று பெயர் வாங்கினால் பரவாயில்லை. காது கேட்காதவள் என்று தெரிந்தால், பின்னறையில் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்ட உட்கார வைத்துவிடுவார்களே என்பதுதான் என் பயம். ஆள் வந்து நிற்காத மேஜையில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

அப்போதுதான் எங்கள் தலைமை நூலகர் இன்ட்ராநெட்டைக் கொண்டுவந்தார். கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் மட்டும் திறக்கிற பக்கம் அது. நூலகத்தில் இருக்கும் பத்துப் பேரும் அவரவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் அதில் எழுதிவைக்க வேண்டும். யார் லீவு போட்டாலும், யார் விட்டுப் போனாலும் வேலை நிற்கக் கூடாதாம். எனக்குச் சுள்ளென்று வந்தது.

“இத்தனை வருஷ வேலையை ஒரு பக்கத்துல எழுதிட்டா அப்புறம் நான் எதுக்கு சார்?”

அவர் கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் வந்தவர். “கோப பேடம்மா, கோபம் வேண்டாம், எழுதுங்க” என்று சிரித்தார். சாவி எங்கே, முத்திரை எங்கே, பழைய வினாத்தாள் எங்கே என்று மூன்று வரி எழுதினேன். அத்தோடு சரி.

என்னோடு கவுண்டரில் இருந்தவள்தான் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பிரிண்டர் சிக்கிக்கொண்டால் எந்த மூடியைத் திறப்பது, எந்தப் பேராசிரியர் புத்தகத்தின் பெயரை மறந்துவிட்டு அட்டையின் நிறத்தைச் சொல்வார் என்பதுவரை எழுதினாள்.

“என்னடி, நாவலா எழுதற?”

“நான் போயிட்டா இதையெல்லாம் யாரு சொல்லுவாங்கக்கா?”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றிருந்தேன். அடுத்த மாதமே வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசி நாள் கேக் வெட்டியபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாராவது சொன்னது எனக்குப் பிடிபடாமல் போனால், “எந்த புக்? எகனாமிக்ஸா?” என்று அவள் உரக்கத் திருப்பிக் கேட்பாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். இனி அந்தக் குரல் பக்கத்தில் இருக்காதே என்று உள்ளுக்குள் உதறல்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் கவுண்டர் திருப்பிப் போடப்பட்டிருந்தது. “ஒயரிங் வேலை” என்றார் தலைமை நூலகர். வருகிறவர்கள் இப்போது என் வலது பக்கமாக வந்து நின்றார்கள். அவள் இடத்துக்கு அட்மிஷன் ஆபீசிலிருந்து மாற்றலாகி வந்தவர், என் வயதுக்காரர், நாற்காலியை இழுத்து வலது பக்கமே போட்டுக்கொண்டார். டீ கொண்டுவருகிற அம்மாகூட மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகவே வந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காது தேறிவருகிறது என்று நினைத்தேன்! கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். “அப்படியா, நல்லதாப் போச்சு” என்றார் அவரும், பாவம்.

பரீட்சை சமயத்தில் ஒரு மத்தியானம் பிரிண்டர் சிக்கிக்கொண்டது. புதியவர் லீவு. வேறு வழியில்லாமல் இன்ட்ராநெட்டைத் திறந்தேன். ‘கவுண்டரில் தெரிந்துகொள்ள வேண்டியவை’ என்று அவள் எழுதிய பக்கம் வந்தது. பிரிண்டர் பற்றிய குறிப்புக்குக் கீழே நான் இருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், தமிழில் சொன்னால் இப்படி:

‘மேடத்தின் வலது பக்கம் நின்று பேசவும். இடது காது கேட்காது. கத்த வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். மாணவர் சொன்னது அவருக்கு எட்டாவிட்டால், உங்களுக்குச் சந்தேகம் போலப் புத்தகத்தின் பெயரைத் திருப்பிக் கேட்கவும். எரிந்து விழுந்தால் அது கோபம் இல்லை, பயம். முக்கியம்: நமக்குத் தெரியும் என்பது மேடத்துக்குத் தெரியாது.’

அடியில், படித்தவர்கள் ஒன்பது பேர் என்றிருந்தது. முதல் பெயர் தலைமை நூலகருடையது.

முதலில் வந்தது ஆத்திரம்தான். என்னைப் பற்றி ஊருக்கே எழுதிவைக்க இவள் யார்? பிறகு அந்த ஒயரிங் வேலை ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் தெரிந்தும் அந்த மனுஷன் என்னைப் பின்னறைக்கு அனுப்பவில்லை. கவுண்டரையே அல்லவா திருப்பிப் போட்டிருக்கிறார்! டீ அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவருக்கு யாரோ படித்துக் காட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். புத்தகத்தோடு வந்த ஒரு மாணவி, “அப்புறமா வரட்டுமா மேம்?” என்றாள். வலது பக்கம்தான் நின்றிருந்தாள். “நில்லும்மா” என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்த மாணவி போனதும் அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். ஒரு வரியையும் எடுக்கவில்லை. கடைசியில் மட்டும், ‘மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வலது பக்கமே நில்லுங்கள்’ என்று சேர்த்தேன்.

சாயங்காலம், அதை எழுதியவளுக்குப் போன் போட்டேன். போனதிலிருந்து நான் அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“ஏன்டி, என்னைப் பத்தி என்னவெல்லாம் எழுதி வெச்சிருக்க?” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று போனை வலது காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“கோபமாக்கா?” என்றாள் மெதுவாக.

“நான் கத்தினா அது கோபம் இல்லைன்னு நீதானடி எழுதியிருக்க” என்றேன்.