மெஷினுக்கு வைத்த மஞ்சள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் நடுவில் பேசவே எனக்கு வராது. ஆனாலும் இதை மனதுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை.

திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். டெங்கு பார்க்கும் எலிசா தட்டைக் கழுவுவது என் வேலை. தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ரத்தத்தில் டெங்குக் கிருமியின் புரதம் இருந்தால் அது குழியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மற்றதையெல்லாம் கழுவிவிட வேண்டும். கழுவியது சரியில்லை என்றால், டெங்கு இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். “உங்க கை மாதிரி வராதும்மா” என்பார் டாக்டர். அதைக் கேட்கவே வேலைக்குப் போவேன்.

போன மழைக்காலத்தில், ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காகப் புது மெஷின் வந்தது. அதோடு ஒரு பெண்ணும் வந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என் வயதில் பாதி. முதல் நாளே டாக்டர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

“இந்தக் கண்ணாடித் துண்டு மேல இருக்கறது கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பொடிக்கா. டெங்கு புரதம் இருந்தா அதுமேல போய் ஒட்டிக்கும். லேசர் அடிச்சா ரொம்ப மங்கலாத்தான் வெளிச்சம் திரும்பி வரும். வெள்ளி அதைப் பல மடங்கு ஜாஸ்தியாக்கிடும். ஸ்கிரீன்ல கோடு கோடா எழும்பும். எலிசாவுல தெரியாத கம்மி அளவுகூட இதுல மாட்டிக்கும்” என்றாள்.

“கொலுசு வெள்ளியா?” என்று கேட்டேன்.

“அதேதான்க்கா. கால்ல மாட்டத்தான் முடியாது.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை.

அவளுடைய கண்ணாடித் துண்டுகளை அவளே கழுவிக்கொண்டாள். லேபுக்கு எந்த மெஷின் வந்தாலும் மஞ்சள், குங்குமம் வைப்பது நான்தான். பிரிட்ஜுக்குக்கூட வைத்திருக்கிறேன். கிண்ணத்தோடு போனபோது, “இதுக்கு வேணாம்க்கா” என்று கையைக் குறுக்கே நீட்டினாள். வயிறு எரிந்தது. அவள் சாப்பிடப் போனதும் மெஷினின் கதவைத் திறந்தேன். கண்ணாடியை வைக்கும் கறுப்புத் தட்டில் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்து, தெரியாதபடி முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அன்று பிற்பகலிலிருந்து ஸ்கிரீனில் கோடுகள் வரவில்லை. யார் ரத்தத்தை வைத்தாலும் ஒரே மேடாக எழும்பியது. நாலு நாள் அவள் கழுவினாள், மாற்றினாள், திரும்பக் கழுவினாள். ஐந்தாம் நாள் டாக்டர், “நாளைக்கு உங்க காலேஜ் சார் வர்றார். இப்படியே இருந்தா மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேம்மா. உன் ஆராய்ச்சியை வேற எங்கயாவது பார்த்துக்க” என்றார். மறைக்காமல் சொல்கிறேன், அது எனக்கு இனிப்பாக இருந்தது.

சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. “அக்கா, நீங்க ஒரு தடவை கழுவித் தாங்களேன். என் கைதான் சரியில்லை போல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடக் கையைக் காட்டிவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கழுவிக் கொடுத்தேன். வைத்தாள். அதே மேடு.

“உங்க கையாலயும் வரலையேக்கா” என்றாள். “கழுவினதுல தப்பில்லை. உள்ள ஏதோ வெளிச்சம் பட்டா தானா மின்னுது. அந்த வெளிச்சத்துல கோடெல்லாம் முழுகிடுது.”

என் கையாலும் வரவில்லை என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“மஞ்சள் மின்னுமா?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “எங்கக்கா வச்சீங்க?”

காட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் கறுப்புத் தட்டைக் கழற்றினாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. அதைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரி சார் வந்தார். கோடுகள் சரியாக வந்தன. “தப்பை இந்தப் பொண்ணே கண்டுபிடிச்சிடுச்சு சார்” என்றார் டாக்டர். அவள் மறுக்கவில்லை. என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. நான் எலிசா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.