எந்தக் கையில் ஊசி

அந்தக் கணக்கு வாத்தியாரின் இடது கை ஏன் வீங்குகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேலையூர் கேம்ப் ரோடில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தேன். புரியாத விஷயம் ஒன்று சிக்கிவிட்டால் அதைக் குடைந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

வாத்தியாருக்கு இதயத்தில் கிருமித் தொற்று. வாரக்கணக்கில் மருந்து நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். எங்களுக்கு அப்போதுதான் பிளாஸ்டிக் ஊசிக்குழாய் வந்திருந்தது. ஒருமுறை போட்டால் சில நாள் தாங்கும். இவருக்கு மட்டும் மறுநாளே அந்த இடம் சிவந்து, தடித்து, தொட்டால் சுடும். பிடுங்கிவிட்டு வேறு நரம்பைத் தேடுவேன். நரம்பே கிடைக்காமல் போனால் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கழுத்தில் குழாய் போட வேண்டும். அந்த அலைச்சலை அவர் தாங்குவாரா என்று டாக்டருக்கே பயம்.

“மருந்தே கொஞ்சம் எரிக்கும்மா. இன்னும் தண்ணியா கலந்து மெதுவா விட்டுப் பாரு” என்றார் டாக்டர். விட்டேன். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன், ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான் குத்தினேன். அப்படியும் வீங்கியது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே மருந்து, குத்தியதும் நான்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் காலையில் வாத்தியார் ஃபேனுக்கு நேராகக் கையைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். முகர்ந்தால் சோப்பு வாசனை.

“இது எப்படி சார் நனைஞ்சுது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பாத்ரூம் போனா வேற எந்தக் கையால கழுவுவாரு, சிஸ்டர்?”

சாப்பிடும் கைக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று எல்லோருக்கும் இடது கையில்தான் குத்துவோம். அந்தக் கைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து நடக்க முடியாதவர், அவருக்கு எல்லாம் படுக்கையிலேயே. வாத்தியார் நடமாடுவார், சரியான கூச்சக்காரர் வேறு. நனைந்ததை யாரிடமும் சொல்லாமல் காயவைத்திருக்கிறார். ஈரக் கட்டுக்குள் ஊசி போட்ட இடம் ஊறிப் புண்ணாகிக்கொண்டே இருந்திருக்கிறது. விடை கிடைத்த சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் இடது கையில் இனி இடம் இல்லை. மணிக்கட்டை விட்டு மேலே, மடங்காத இடமாகப் பார்த்து, வலது முன்கையில் போட்டேன்.

“இந்தக் கை அதிகம் அசையக் கூடாது சார். கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டம்மா ஊட்டட்டும்.”

“ஊட்டறதா? நான் என்ன குழந்தையா?”

“அப்போ இடது கையால சாப்பிடுங்க” என்றார் மனைவி.

அவர் முகம் சுளித்தார். சாப்பாடு வந்ததும், “அந்த ஸ்கிரீனை இழுத்து விடுங்க சிஸ்டர்” என்றார்.

அதன்பின் வேளாவேளைக்குத் திரையை இழுத்துவிடுவது என் வேலையாயிற்று. “போதும்” என்று அவர் குரலும், “இன்னும் ஒரே வாய்” என்று அந்தம்மாவின் குரலும் உள்ளே கேட்கும். தினமும் அந்தக் கையைத் தடவிப் பார்ப்பேன். குழாயை அவ்வப்போது மாற்றினேன். ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மருந்து முடிந்த அன்று குழாயை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். “இனி உங்க கையாலயே சாப்பிடலாம் சார்” என்றேன். மனைவி தயிர்சாதத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கையை நீட்டப் போனவர், மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு மட்டும் நீயே ஊட்டிவிடேன்” என்றார் மனைவியிடம்.

நான் திரையை இழுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.