கேட்டுச்சுன்னு சொன்னேன்

எங்கள் அண்ணன் அன்றைக்கு என்னை எத்தனை தடவை கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது. இருபது தடவையாவது இருக்கும் என்று ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளைகளா, இதை நீங்களாவது நம்பினால்தான் நான் மேலே சொல்ல முடியும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பா குற்றாலத்தில் சீசன் கடை போட்டு நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடு முழுக்க பெஞ்சில் உட்கார என்னால் முடியாது. அம்மா உப்பு வாங்கிவரச் சொன்னால் கடைவரைக்கும் போய், தராசு ஆடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். “சொன்னது கேட்டுச்சா இல்லையாலே?” என்பார் அப்பா. கேட்கவில்லை என்று சொன்னால், பொய் சொல்கிறேன் என்று அடிப்பார். கேட்டுச்சு என்று சொல்லிவிட்டால், “அப்படி உண்மையச் சொல்லு” என்று கையை இறக்கிவிடுவார். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் சீக்கிரமே படித்துக்கொண்ட ஒரே பாடமும் அதுதான்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். போலீஸ் எழுத்துப் பரீட்சையில் பாஸாகி, திருநெல்வேலியில் நடக்க இருந்த உடல் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ஓட்டம், நீளம் தாண்டுவது, கயிறு ஏறுவது. அம்மா அதற்குள்ளேயே அவனை “எங்க ஏட்டையா” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

தினமும் காலையில் இலஞ்சி ரோட்டில் ஓடி முடித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு சிற்றாற்றுக்குக் குளிக்கப் போவான். அந்த இடத்தில் ஆறு முழுக்கப் பாறைகள். காலில் தண்ணீர் படாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது என் வேலை.

“கிளாஸ்ல ஒரு நிமிசம் இருக்க மாட்டேங்கானாம். இங்கன பாருங்க அண்ணாச்சி, ஓணான் மாதிரில்லா தாவுதான்!” என்று துவைக்கிறவர்களிடம் அண்ணன் காட்டுவான். என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிய ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

உடல் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் நின்று இளவெயில் அடித்தது. நடு ஆற்றில் யானைமுதுகு போல ஒரு பாறை உண்டு. அந்த சீசன் முழுக்க முயன்றும் நான் அதை எட்டியதில்லை. அன்றைக்கு வழி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பாக மினுங்குகிற பாறை வழுக்கும், சொரசொரப்பாக வெளுத்தது காலைப் பிடிக்கும். காலை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. கால் போய்க்கொண்டிருந்தது. பசி இல்லை, குளிர் இல்லை. ஆற்றின் இரைச்சல்கூட இல்லை. இன்னும் ஒரே ஒரு தாவல்தான் பாக்கி.

மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். முதலில் சருகும் சுள்ளியும் வரும், பிறகு தண்ணீர் செந்நிறமாகும். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். குளித்தவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். பெண்கள் கத்தியிருக்கிறார்கள். அண்ணன் தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறான்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தபோதுதான் எனக்குச் சத்தம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் அண்ணன் நின்றான். “செவிட்டு மூதி! ஓடுலே!” என்று என்னை இழுத்துக்கொண்டு கரையருகே வந்து, அங்கே கை நீட்டியவர்களிடம் தூக்கி எறிந்தான். எறிந்த வேகத்தில் அவன் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. தண்ணீர் அவனை ஒரு பக்கம் தள்ளியது, கால் அங்கேயே நின்றது. துவைத்துப் பிழிந்த சேலைகளை முறுக்கி வீசி அவனை இழுத்துப் போட்டார்கள். முட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தென்காசியில் ஆஸ்பத்திரி. முட்டிக்குள் சவ்வு கிழிந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு ஓடவே கூடாது என்றார்கள். அம்மா சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கடையிலிருந்து எண்ணெய் வாடையோடு வந்து, வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“அவன் கூப்பிட்டது கேட்டுச்சா இல்லையாலே?”

“கேக்கலப்பா.”

முதல் அடி.

“ஊருக்கே கேட்டுருக்கு. தொரைக்குக் கேக்கலையோ?”

“சத்தியமா கேக்கலப்பா.”

இரண்டாவது அடியில் காது ரீங்கரித்தது. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது, எனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தேன்.

“கேட்டுச்சு. கேட்டுச்சுப்பா.”

கை இறங்கியது. வார்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் போலீஸ் ஆகவில்லை. அடுத்த தேர்வுக்கும் போனான். கயிறு ஏறினான், ஓட்டத்தில் முட்டி விட்டுவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் ஒரு கடை வாசலில் செக்யூரிட்டி. அதிலும் தோளில் பட்டை வைத்த சட்டைதான். கல்யாண வீட்டில் பார்த்தால், “சாப்பிட்டியா” என்பான். அதற்கு மேல் கிடையாது.

போன வருஷம், கொய்யாமரத்தில் ஏறியிருந்த என் மகளைப் பத்துத் தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. இறக்கி, ஓர் அடி வைத்து, “கேட்டுச்சா இல்லையாட்டி?” என்றேன். என் அப்பாவின் கேள்வி என் வாயிலிருந்து வருவது எனக்கே தெரியவில்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “கேட்டுச்சுப்பா” என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நாலைந்து தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, இதற்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். “கவனமே இல்லாத பிள்ளைன்னு நினைக்காதீங்க. மனசுக்குப் பிடிச்சதுல முழுகிட்டா, வெளியே வர்றதுதான் இவளுக்குச் சிரமம். நெசமாவே கேக்காது. கத்தாதீங்க, பக்கத்துல போய்த் தோளைத் தொடுங்க” என்றார். பிள்ளைகளா, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், திமிர் என்று சொல்லிவிடாமல் போய்த் தொடுங்கள்.

டாக்டரம்மா அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு ஆத்துல எனக்கு நெசமாவே கேக்கலண்ணே.”

யாரையோ வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

“நீதானலே கேட்டுச்சுன்னு சொன்ன,” என்றான். பிறகு, டியூட்டிக்கு ஆள் மாற்ற வேண்டும் என்று வைத்துவிட்டான்.

அந்தச் சொல் அப்பாவின் கையை நிறுத்தும் என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியும். திறந்த கதவு வழியாக அது கட்டில்வரைக்கும் போகும் என்பது தெரியவில்லை.