துடைக்கக் கூடாத முனை

அந்த ஆலையின் உணவகத்தில் எல்லாரும் அவளைப் பளபளா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கழுவிக் கவிழ்த்த அண்டாவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். ஈரத்தோடு ஒரு கரண்டியைக்கூட அடுக்க மாட்டாள். கழுவினால் துடைக்க வேண்டும், துடைத்தால் மின்ன வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சோப்புத் தண்ணீர் அவள் கையைச் சும்மா விடவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. இனிப் பாத்திரம் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் மொட்டை மாடிக்கு அனுப்பினார். அங்கே மண்ணே இல்லாமல், குழாய்களில் ஓடும் தண்ணீரிலேயே லெட்டூஸ் கீரை வளர்ந்துகொண்டிருந்தது. கீழே தொட்டி, அதில் சத்து கலந்த தண்ணீர், அதைச் சோதிக்க ஒரு மீட்டர். மீட்டருக்கு இரண்டு முனைகள். உலோக முனை சத்து எவ்வளவு என்று சொல்லும். கண்ணாடி முனை தண்ணீர் எவ்வளவு புளித்திருக்கிறது என்று சொல்லும்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்.

முன்பு அந்த வேலையைப் பார்த்தவன் கிளம்புகிற அவசரத்தில், "முனையை மட்டும் சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யாரிடம் போய் என்ன சொன்னான் பாருங்கள்!

கண்ணாடி முனைக்கு ஒரு குட்டி மூடி இருந்தது. திறந்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர், விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பளபளாவுக்கு உடம்பு கூசியது. தண்ணீரைக் கொட்டினாள். மூடியைக் கழுவிக் காயவைத்தாள். கண்ணாடிக் குமிழைத் துணியால் அழுத்தித் துடைத்து, மின்னவைத்து, பெட்டிக்குள் படுக்கவைத்தாள். அன்றிலிருந்து தினமும் அதுதான் அவள் வழக்கம்.

கொஞ்ச நாளில் தண்ணீரில் புளிப்பு போதவில்லை என்று மீட்டர் காட்டத் தொடங்கியது. புளிப்பைக் கூட்டும் மருந்தை ஊற்றினாள். எண் நகரவில்லை. இன்னும் ஊற்றினாள். இலை மஞ்சளாகி ஓரம் கருகியது. செடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் ஊறப்போட்ட சணல்போலப் பழுப்பாகத் தொங்கியது.

தலைமைச் சமையல்காரர் மாடியேறி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன பளபளாக்கா, நான் அடுப்புல வதக்குறதுக்கு முன்னாடி நீங்களே வதக்கிட்டீங்க? எண்ணெய் மிச்சம்!"

அவள் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்த மேனேஜரும் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேம்மா. தேறலைன்னா குழாயையெல்லாம் கழட்டிட்டு இங்க துணி துவைக்கிற மெஷின் வந்துடும். எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்றார்.

இந்த வேலை அவளுக்குப் போகக் கூடாது. வீடு இதே தெருவில்தான். பக்கவாதத்தில் விழுந்த கணவருக்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டி, புரட்டிப்போட்டுவிட்டு வர முடிகிறதென்றால் அது இந்த வேலையால்தான். வேறு வேலை என்றால் ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். கூட இருக்கிற நாத்தனார் வேலை முடிந்து வீடு திரும்ப மாலையாகும். அதுவரை அவர் ஒரே பக்கமாகக் கிடக்க வேண்டியதுதான். இப்போதே இடுப்பெலும்பின்மேல் ஒரு சிவப்பு தெரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்தும் புரட்டாமல் விட்டால் அடுத்தது புண். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்று மாலை நாத்தனாரும் அவளுமாக அவரைப் புரட்டினார்கள். தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தபடியே பளபளா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மீட்டரைத் தினமும் துடைத்ததையும் சொன்னாள்.

"அந்த மீட்டருக்கு நடக்கிற சேவகத்துல பாதி எங்கண்ணனுக்கு நடந்தா எழுந்து ஓடியிருப்பாரு அண்ணி" என்றாள் நாத்தனார்.

அவர் கோணிய வாயால் முயன்று சொன்னார்: "குடுத்து... வெச்ச... மீட்டர்."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: "எவ்வளவு ஊத்தினாலும் எண் அசையலைன்னா, சீக்கு செடிக்கா, மீட்டருக்கா? கடைக்காரங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பளிங்குமாதிரி வைத்திருக்கிற பொருளில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை மீட்டர் விற்ற கடையின் மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கண்ணாடி முனையை எதுல வெச்சிருக்கீங்க?"

"எதுலயும் இல்லைங்க. நல்லாத் துடைச்சு, சொட்டு ஈரமில்லாம பெட்டியில வெச்சிருக்கேன்."

"அடப் பாவமே" என்றார் மெக்கானிக். "அது நாக்கு மாதிரிம்மா. காஞ்ச நாக்குல ருசி தெரியுமா? மூடியில இருந்தது அழுக்கில்ல, அதுக்குன்னே ஊத்தின உப்புத் தண்ணி. உலோக முனையை மெத்துனு பிரஷ் போட்டுக் கழுவுங்க, தப்பில்ல. கண்ணாடியை அலசி உதறணும், அவ்வளவுதான். துணியே படக் கூடாது."

"இனிமே பிழைக்குமா?"

"அதுக்குரிய தண்ணியில ராத்திரி முழுக்க ஊறட்டும். பிழைச்சா உங்க அதிர்ஷ்டம்."

கடைக்கு ஓடி அந்தத் தண்ணீரை வாங்கி வந்தாள். முனையை ஊறவைத்தாள். காலையில், பெட்டியோடு வந்து பிரிக்காமலே கிடந்த சோதனைத் தண்ணீரில் அதை முக்கினாள். அதில் மீட்டர் காட்ட வேண்டிய எண் புட்டியிலேயே எழுதியிருந்தது. எண் நொண்டி நொண்டி ஏறி, நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. மீட்டரை அந்த எண்ணுக்குச் சரிசெய்துகொண்டு முனையைத் தொட்டியில் விட்டாள். எண் இறங்கியது, இன்னும் இறங்கியது. செடிகளுக்கு அவள் இத்தனை நாள் கொடுத்தது மருந்தல்ல, வேரை வேகவைக்கிற புளிப்பு.

தொட்டியைக் கவிழ்த்தாள். புதுத் தண்ணீர் நிரப்பிச் சத்தை அளந்து கலந்தாள். செத்ததைப் பிடுங்கிப் போட்டாள். பாதிக் குழாய் காலியானது. கையுறைக்குள் விரல்கள் எரிந்தன.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சமையல்காரரோடு வந்தார். இலையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இலையைப் பார்க்காதீங்கய்யா" என்று அவள் ஒரு செடியை உருவிக் கவிழ்த்துக் காட்டினாள். "தப்பு என் கை செஞ்சது. தண்ணி இப்போ சரி. இங்க பாருங்க."

பழுப்பு வேருக்கு நடுவே முளைப்பல் மாதிரி சில வெள்ளை நுனிகள் எட்டிப் பார்த்தன. சமையல்காரர் குனிந்து அந்த நுனிகளை எண்ணிப் பார்த்தார்.

மேனேஜர் காலிக் குழாய்களைக் கணக்குப் பார்த்தார். "அந்தப் பாதியில மெஷின் வந்துடும். இந்தப் பாதி இருக்கட்டும். ஒரே ஒரு விதைப்பு, அதுவும் போச்சுன்னா என்கிட்ட கேட்காதீங்க."

அவர் இறங்கிப் போனதும் பளபளா கண்ணாடி முனையைத் தொட்டியிலிருந்து எடுத்து அலசினாள். நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. கை தானாகவே இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியின் நுனியைப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏப்ரனை விட்டாள். சொட்டச் சொட்ட முனையை, உப்புத் தண்ணீர் ஊற்றிய மூடிக்குள் செருகித் திருகினாள்.

பிறகு படியிறங்கி ஓடினாள். மத்தியானமாகிவிட்டது, அவரைப் புரட்ட வேண்டும்.