சிவப்பும் பச்சையும் கட்டிக்கொண்டு காங்கேசன்துறைக்கு

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகில் வடக்குக் கரையோரம் மாலையில் போக உத்தேசம், விளக்குகளை எங்கே பொருத்துவது நல்லது? ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த விளக்குகளால் நான் பட்ட பாடு ஒரு வரிக்குள் அடங்காது.

1979, ஏப்ரல் விடுமுறை. நாங்கள் அப்போது கோப்பாயில் இருந்தோம். என் கணவர் விஞ்ஞான ஆசிரியர், பிறந்தது பருத்தித்துறை. நான் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான், நீந்தவும் தெரியாது. அவர் இரண்டு பழைய வள்ளங்களை வாங்கி, பத்தடி அகலத்துக்குக் குறுக்கு மரம் போட்டுப் பிணைத்து, நடுவில் பலகைத் தட்டு அடித்து, பாய்மரமும் நட்டு வைத்திருந்தார். ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஐந்து வயது மகளை அதில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இருட்டினால் எங்கள் படகு மற்றவர்களுடைய கண்ணில் படவேண்டும். முதலில் ஒரு மாலை நாங்கள் மட்டும் போய்ப் பார்ப்போம். எனக்குத் திருப்தி இல்லையென்றால் பிள்ளை அதில் கால் வைக்க மாட்டாள்.

கப்பலில் வேலை செய்யும் அவருடைய சித்தப்பா மகன் இரண்டு வகை விளக்குகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்று, இடப்பக்கத்துக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்குப் பச்சை, பின்னுக்கு வெள்ளை என்று தனித்தனியாக மூன்று. மற்றது, இந்த மூன்று நிறமும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், பாய்மர உச்சியில் வைக்கும் விளக்கு. இரண்டில் ஒரு வகையைத்தான் ஏற்றலாம், சேர்த்து ஏற்றினால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். எதை ஏற்றுவது என்று யோசிக்கவே இந்த மனிதருக்கு இரண்டு கிழமை போயிற்று. சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதே கதை.

முதலில் உச்சி விளக்கு. ஒரே ஒரு மின்குமிழ் என்பதால் பற்றரி குறைவாகச் செலவாகும் என்றார். நான் கரையில் நின்று பார்த்தேன். தூரத்தில் நிற்பவனுக்கு நன்றாகத் தெரியும். கிட்ட, தாழ்ந்த வள்ளத்தில் வலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அண்ணாந்தால்தான் தெரியும். அதைக் கழற்றச் சொன்னேன். அடுத்து, சிவப்பையும் பச்சையையும் நனையாத இடம் என்று வள்ளங்களின் உட்பக்கத்தில் பூட்டினார். வெளியே நின்று பார்த்தால் வள்ளமே விளக்கை மறைத்தது! பிறகு முன் குறுக்கு மரத்தில் பூட்டினார். முன்பாய் சரிந்ததும் பச்சையைக் காணவில்லை.

"இஞ்சருங்கோ, பச்சையைக் காணேல்லை!" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினேன்.

"நீர் நிக்கிற இடம் பிழையப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றார் மனுசன்.

எதிரே வருகிறவனையும் தள்ளி நிற்கச் சொல்வாராம்.

கடைசியில் வள்ளங்களின் வெளி ஓரத்தில், முன்பக்கமாக, முழங்கால் உயரக் கட்டைகள் அடித்து அவற்றில் பூட்டினோம். ஒவ்வொன்றின் உட்பக்கமும் கறுப்புப் பூசிய பலகை வைத்தோம், சிவப்பு வலப்பக்கத்து ஆளுக்கும் பச்சை இடப்பக்கத்து ஆளுக்கும் தெரியாதபடி. எனக்கும் திருப்தி. இனிப் புறப்படலாம் என்று பார்த்தால், பாய் பிடிக்க வந்த குருநகர் யேசுதாசன் அண்ணை தான் கொண்டுவந்து பாய்மரத்தில் மாட்டிய அந்தோனியார் படத்துக்கும் அதே பற்றரியில் ஒரு சின்னக் குமிழ் வேண்டும் என்று நின்றார். என்னவர் உடனே சம்மதித்தார். நான் சொன்னால் மட்டும் ஒரு கிழமை யோசிப்பார்.

பருத்தித்துறையில் மாலை நாலரைக்குப் பாய் விரித்தோம். காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய பதின்மூன்று மைல், பின்னால் கீழைக்காற்று, எட்டரைக்குப் போய்விடலாம் என்று கணக்கு. பொழுது பட்டதும் விளக்குகளைப் போட்டோம். உண்மையைச் சொல்லவேண்டும், வடிவாகத்தான் இருந்தது. எங்களுக்கு முன்னே மீன்பிடி வள்ளங்களின் அரிக்கன் லாம்புகள் வரிசையாகத் தெரிந்தன. இவ்வளவு பேர் பக்கத்தில் இருக்கிறார்களே என்று எனக்கு முதல்முறையாகப் பயம் தெளிந்தது.

அப்போது ஒரு லாம்பு அணைந்தது. எண்ணெய் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததும் அணைந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, நாங்கள் போகப் போக, கண்ணுக்கு எட்டிய மட்டும் எல்லாம் அணைந்து கடல் மையிருட்டாகிவிட்டது. நிலவும் இல்லை. எங்கள் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

"என்ன மாஸ்டர் இது?" என்றார் யேசுதாசன் அண்ணை. அவருடைய கடல் குருநகர்ப் பக்கத்துக் கடல், இந்தக் கரை அவருக்கும் புதிது. மாஸ்டருக்கும் தெரியவில்லை. பருத்தித்துறையில் பிறந்தும் அவர் கடலைக் கரையில் நின்று படித்தவர்தானே.

"ஐயோ, திருப்பு! திருப்பு!" என்று இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் முன்னாலேயே! யேசுதாசன் அண்ணை சுக்கானை ஒரே இழுவையாக இழுத்தார். எங்கள் இடப்பக்க வள்ளம் ஒரு சின்ன வள்ளத்தை உரசிக்கொண்டு போய் நின்றது. நான் குறுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ரோர்ச் லைற்றை அடித்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், தனியாள், அணைத்த லாம்பைச் சாக்கால் மூடி மடியில் வைத்திருந்தார். நல்ல காலம், அவருக்கு ஒரு காயமும் இல்லை. பட்ட பயம் அப்படியே கோபமாக வந்தது.

"ஏனண்ணை லாம்பை அணைச்சனீங்கள்? உங்கடை உயிர் போயிருக்குமே!"

"நீங்கள் ஆரெண்டு எனக்கு என்னண்டு தெரியும் தங்கச்சி? சிவப்பும் பச்சையும் போட்டுக்கொண்டு இஞ்சை வாறது நேவியின்ரை ரோந்துப் படகுதான். அதுவும் உவ்வளவு அகலத்துக்கு!"

"நீங்கள் கள்ளச் சாமானே கடத்திறியள், மீன்தானே பிடிக்கிறியள்? பிறகென்ன பயம்?"

"ஓம், மீன்தான். அதை அவைக்குச் சொல்லி முடிக்க விடிஞ்சுபோம், பிடிச்ச மீனும் நாறிப்போம். உங்களோடை முட்டினா பலகைதான் உடையும். அதைப் பிறகு அடிச்சுக்கொள்ளலாம்."

என்னவர் மெதுவாகச் சொன்னார், "சட்டப்படி நாங்கள் சரியாத்தானே போட்டிருக்கிறம்."

"சரியாப் போட்டு ஒரு மனுசனைக் கொல்லப் பாத்தியள்! பேசாமல் இருங்கோ!" என்றேன். கட்டிய நாள் முதல் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

மிச்சத் தூரம் பாயைப் பாதியாக இறக்கி, ஊர்ந்து போனோம். யேசுதாசன் அண்ணை முன்னுக்கு நின்று, "பருத்தித்துறை மாஸ்டரின்ரை வள்ளம்! பயப்பிடாதேங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். எட்டரை என்ற இடத்தில் பத்தாயிற்று. பிள்ளை இதில் ஏறமாட்டாள் என்று கரையில் இறங்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விளக்குகளைக் கழற்றினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

கேள்வி கேட்ட வாசகருக்கு வருகிறேன். விளக்குகளை வெளி ஓரத்தில் பூட்டுங்கள், உட்பக்கத்துக்கு மறைப்பு வையுங்கள், கம்பி மூட்டுகளில் உப்புத் தண்ணீர் படாமல் மெழுகு பூசுங்கள். பூட்டியபின் ஒருவரைக் கரையில் நிறுத்திப் படகை ஒரு வட்டம் சுற்றிக் காட்டுங்கள். அந்த ஆள் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான், அவரோடு வாதாடாதீர்கள். இவ்வளவும் பாதி வேலை. நீங்கள் போகிற கடலில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் விளக்கைக் கண்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று புறப்படுமுன் அவர்களிடமே கேளுங்கள்.

நாங்கள் கேட்காமல் போனோம், பிறகு கேட்டோம். பிள்ளையை ஏற்ற அதுதான் என் புது நிபந்தனை. ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் ஞாயிறு ஞாயிறாக, பற்றரியையும் சிவப்பு, பச்சை விளக்குகளையும் பனையோலை உமலுக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கரையோர ஊர்களுக்குப் போனோம். வள்ளங்கள் இறங்குமுன் மணலில் நின்று விளக்கை எரித்துக் காட்டினோம். "இது எங்கடை வள்ளம், எங்கடை பிள்ளையும் இதிலை வருவாள்" என்று நான்தான் சொன்னேன். சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. என்னவர் வெட்கத்தில் எனக்குப் பின்னால் நின்றார். கனத்த பற்றரியைத் தூக்கியது மட்டும் அவர்தான்.

ஓகஸ்டில் மகள் வந்தாள். பொழுது பட்டது, விளக்கைப் போட்டோம். முன்னால் லாம்புகள் வரிசையாகத் தெரிந்தன. நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் லாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருமுறை மங்கியது. பிறகு அது மெல்ல உயர்ந்தது. யாரோ அதைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"பிள்ளை ஏறிட்டாளோ?" என்று தண்ணீருக்கு மேலால் ஒரு குரல் கேட்டது.

"ஓம், ஏறிட்டாள்!" என்று நான் கத்தினேன்.