அஸ்ஸாம் எந்த மண்டலம்

எனக்குக் கல்யாணமானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். புகுந்த வீடு திருமயத்துக்குப் பக்கத்து ஊரில். வீட்டுக்காரருக்கு அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு வேலை. மறுவீடு முடிந்த கையோடு ரயிலேறிப் போனவர், அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் என்னை அனுப்பிவைக்கச் சொல்லித் தகப்பனாருக்கு எழுதினார். மாமனார் முடியாது என்றுவிட்டார்.

காரணம், மழை. மாமனார் யுத்தத்துக்கு முன் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். மழை பெய்கிற சீமை எதுவானாலும் அதற்கு அவர்தான் அத்தாரிட்டி. “மழையும் வெக்கையுமா இருக்கும். நிலைக்கதவுகூடப் பூஞ்சணம் பூக்கும். வெக்கை நாடு பொம்பளைக்கு ஆகாது” என்பார். எங்கள் பக்கத்தில் மழை என்றால் கண்மாய் பெருகிற்றா என்று கேட்போம். அவரோ மழையை ஒரு வியாதி மாதிரிப் பேசுவார். எனக்கு எரிச்சலாக வரும். சித்திரையில் எங்கள் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. அந்த வீட்டில் குப்பை கொட்டுகிறவளுக்கு இனி எந்த வெக்கை புதிதாக ஆகாமல் போய்விடும்? கேட்கத்தான் வாய் வரவில்லை.

அடுத்த தையில் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு கம்பளிக் கோட்டு. அதுதான் தன் துருப்புச் சீட்டு என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

“அப்பச்சி, அஸ்ஸாம் வெப்ப மண்டலமே இல்ல. மார்கழியில கணப்பு மூட்டாம உக்கார முடியாது. அதுக்கு உப வெப்ப மண்டலம்னு பேரு” என்றார் தகப்பனாரிடம்.

“உபநதி கேட்டிருக்கேன், உப மண்டலம் கேட்டதில்ல” என்றார் மாமனார். “சரி, அப்ப அது குளிர் நாடு. குளிர் நாடு பொம்பளைக்கு அறவே ஆகாது.”

மகன் திணறிப் போய், “அம்புட்டுக் குளிரு இல்ல, ஆனி ஆடியில வேர்த்து ஊத்தும்” என்றார்.

“அதைத்தான நானும் முதல்லயே சொன்னேன்.”

படித்த மனுஷர் இப்படியா போய் மாட்டிக்கொள்வார்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. லீவு முழுக்க இதே பேச்சு. அவர் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை விட்டால், மறுபடி அவர் எப்போது வருவாரோ தெரியாது.

கடைசியில் அவர் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு அட்லஸ் வாங்கி வந்து தாழ்வாரத்தில் விரித்தார். நானும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம்.

“இந்தக் கோடுதான் கடகரேகை. இதுக்கு இங்கிட்டு நம்ம பக்கம் இருக்கிறது வெப்ப மண்டலம். அஸ்ஸாம் அங்கிட்டு இருக்கு, பாருங்க.”

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மழை கோட்டைப் பாத்துக்கிட்டா பெய்யுது?” என்றார்.

மாமியார் ஆண்கள் பேச்சில் தலையிடாதவர். அன்றைக்குப் புளியிலிருந்து கையை எடுக்காமலே மகனைக் கேட்டார்.

“ஏப்பா, ரங்கூன் கோட்டுக்கு அங்கிட்டா, இங்கிட்டா?”

“இங்கிட்டு ஆத்தா.”

“நம்ம ஊரு?”

“நம்ம ஊரும் இங்கிட்டுத்தான். ரெண்டும் ஒரே மண்டலம்.”

மாமியாரின் கை நின்றுவிட்டது. மாமனார் பர்மாவில் இருந்த காலமெல்லாம் மாமியார் இந்த வீட்டில்தான் இருந்தார். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்று மாமனார் வந்து போவார். நானும் கூட வருகிறேன் என்று மாமியார் கேட்டபோதெல்லாம், வெக்கை நாடு பொம்பளைக்கு ஆகாது என்றே பதில் வந்திருக்கிறது.

“எனக்கு வெக்கை ஆகாதுன்னீங்க. இவளுக்கு வெக்கையும் ஆகாது, குளிரும் ஆகாதுங்கிறீங்க” என்றார் மாமனாரைப் பார்த்து. குரல் உயரவில்லை. “பொம்பளைக்கு ஆகுற மண்டலம் இதுல எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்க. நானும் பாத்துக்கிறேன்.”

மாமனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்லஸை மூடி வைத்துவிட்டு, “ரெண்டு டிக்கெட்டா எடு” என்றார் மகனிடம். எனக்கு மாமியாரின் புளிக்கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் மறுபடி கொட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் எடுத்தேன்.

அஸ்ஸாம் எந்த மண்டலம் என்று கேட்டால், அங்கே குடியிருந்த எனக்கே இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தையில் பல் கிட்டிக்கும். ஆடியில் புடவையும் காயாது, உடம்பும் காயாது. வெக்கை, குளிர் இரண்டும் எனக்கு ஆயிற்று.

மாமனார் காலமான பிறகு, அறுபதுகளில், மாமியாரை எங்களோடு அழைத்துப் போனோம். நல்ல மழைக்காலம். தகரக் கூரையில் விடாத மழை. போய்ச் சேர்ந்த மறுநாள் மாமியார் வராந்தாவில் நின்று, கழுத்து வேர்வையை முந்தானையால் துடைத்தபடி வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெக்கையாக இருக்கிறதா, விசிறி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

“இம்புட்டுத்தானா?” என்றார் மாமியார். “இதுக்கா என்னைய விட்டுட்டுப் போனாரு.”