பூசைக்குப் பேர் எழுதினவரு

சகல புனிதர் திருநாளன்னைக்கு கோயில் வாசல்ல மேசை போட்டு, பூசைக்குப் பேர் எழுதிக்கிட்டிருந்தாரு ஒருத்தரு. ஒல்லியான ஆளு. பேனா மூடியை மென்னுக்கிட்டே எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறாரு. செத்துப்போன ஒருத்திக்குப் பூசை வைக்கணும்னு முத்தியால்பேட்டையிலேர்ந்து மழையில நனைஞ்சு போயி நிக்கிறேன், “செத்தவங்களுக்கு நாளைக்கு ஆயா! இன்னைக்குப் புனிதருங்களுக்கு”ன்னு கத்துறாரு.

“யாருப்பா அவங்கல்லாம்?”

“அந்தக் காலத்துல வேதத்துக்காக உசுரை விட்டவங்க ஏகப்பட்ட பேரு. ஆளுக்கொரு திருநாள் வைக்க வருசம் பத்தல. பேர் தெரியாதவங்களையும் சேர்த்து ஒரே நாளா வச்சுட்டாங்க. சரி, நாளைக்குப் பூசைக்கு இப்பவே எழுதிக்கிறேன், பேரைச் சொல்லு.”

“பேர் தெரியாதே தம்பி! என் மூத்தவன் பொறந்தப்ப எனக்குப் பால் வரல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிதான் குடுத்தா. மூணாம் நாளே போய்ச் சேர்ந்துட்டா, பாவம்.”

“பேரில்லாம எப்படி எழுதுறது? உசுரை வாங்காத ஆயா!”

“இப்பதானே சொன்ன, பேர் தெரியாதவங்களுக்கும் திருநாளுன்னு?” எனக்குச் சிரிப்பு தாங்கல.

மூடியை வாயிலேர்ந்து எடுத்தாரு. “அப்ப அவங்களுக்கு நாளைக்கு வேணாம். இன்னைக்குப் பூசையே அவங்களுக்குத்தான். உள்ள போய் உக்காரு.”

போய் உக்காந்துட்டேன். என்னைத் தொலைச்சா போதும்னு சொன்னாரா, நெசமாத்தான் சொன்னாரா? இன்னும் தெரியல.